ஓலன்சபைன் தொடங்கியாச்சா? எடையை இன்றே கவனியுங்கள்

தம்பிக்கு மனநோய்க்கான ஓலன்சபைன் மாத்திரை தொடங்கி மூன்றாவது வாரம். இரவு பதினொன்றரைக்கு அடுப்படியில் சத்தம். போய்ப் பார்த்தால் மீந்த சோற்றைக் குண்டானோடு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "இப்பத்தானேடா சாப்பிட்ட?" என்றேன். "பசிக்குதுக்கா" என்றான். பொய்யில்லை. இந்த மாத்திரை மூளையில் ஹிஸ்டமின், செரட்டோனின் என்ற ரசாயனங்கள் வேலை செய்யும் சில இடங்களை அடைத்துவிடுகிறது. பசி கூடும், வயிறு நிறைந்த உணர்வு குறையும். இதைத் தீனிவெறி என்று திட்டுவது அநியாயம். இதே வகை மருந்தான க்ளோசபைனும் இப்படித்தான்.

1. முதல் நாளே அளந்து எழுதுங்கள்

எடை வேகமாக ஏறுவது முதல் சில மாதங்களில்தான். "பார்த்துக்கலாம்" என்று விட்டால் ஏறியதை இறக்குவது பெரும்பாடு. வாரம் ஒருநாள், காலையில் வெறும் வயிற்றில், ஒரே எடைமெஷினில் நிற்கச் சொல்லுங்கள். இடுப்புச் சுற்றளவையும் டேப்பால் அளக்கவும். நம்மவர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை. சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனையை மாத்திரை தொடங்கும்போதும் மூன்று மாதம் கழித்தும் எடுக்கவேண்டும். அப்புறம் எப்போது என்று டாக்டர் சொல்வார்.

2. டம்ளரிலிருந்து ஆரம்பியுங்கள்

ஓலன்சபைனில் வாய் வறண்டுபோகலாம். அதனால் ஜூஸ், கூல்டிரிங்க்ஸ், டீ என்று கை போகும். ஒரு நாளைக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் சர்க்கரையே 40 கிராம். நாங்கள் முதலில் டீயில் ஒரு ஸ்பூனைக் குறைத்தோம், பிறகு அடுத்ததை. பக்கத்திலேயே தண்ணீர் பாட்டில், நீர்மோர்.

3. பசிக்குப் பதில் தயாராக இருக்கட்டும்

பசியை மறுக்க முடியாது, திசை திருப்பலாம். தட்டில் பாதி பொரியலோ கூட்டோ, கால்பங்கு சோறு, மீதிக் கால்பங்கு பருப்பு, முட்டை, மீன், சுண்டல் என ஏதோ ஒன்று. காயை முதலில் சாப்பிடட்டும். நடுராத்திரிக்கென்று வெள்ளரிக்காயும் ஒரு கிண்ணம் சுண்டலும் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். மிக்சர், பிஸ்கெட் வீட்டுக்குள் வரவே வேண்டாம். அவனுக்கு மட்டும் கட்டுப்பாடு, மற்றவர்களுக்கு முறுக்கு என்றால் நடக்காது. அம்மாவைச் சம்மதிக்க வைத்ததுதான் எனக்குப் பெரிய வேலை.

4. கூட நடங்கள்

தூக்கக் கலக்கத்தில் இருப்பவரை "வாக்கிங் போ" என்று அனுப்பினால் போகமாட்டார். பத்து நிமிடம், தெருமுனை வரை, நீங்களும் கூடவே. பழகியபின் வாரத்துக்கு 150 நிமிடம் வரை கூட்டலாம். காலையில் எழவே முடியவில்லை என்றால் இரவு மாத்திரையை இன்னும் சீக்கிரமே கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

5. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்

எடைக்குப் பயந்து பாதியாக உடைத்துக் கொடுப்பதும் கூடாது. நோய் திரும்பிவிடலாம். ஆரம்ப எடையில் 5 சதவீதம் கூடியதும் டாக்டரைப் பாருங்கள். 60 கிலோ என்றால் 3 கிலோ. சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மின் சேர்க்கலாமா, அரிபிப்ரசோல் மாதிரி எடை குறைவாக ஏற்றும் மருந்துக்கு மாறலாமா என்று தயங்காமல் கேட்கலாம். முடிவு அவருடையது.

டாக்டரிடம் போகும்போது எடை எழுதிவைத்த நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். "கொஞ்சம் குண்டாயிட்டான் டாக்டர்" என்றபோது எங்களுக்குக் கிடைத்தது ஒரு தலையாட்டல். "ஆறு வாரத்தில் 58-லிருந்து 61.5" என்றபோதுதான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.