ஏர் ஃப்ரையரில் வெங்காயப் பக்கோடா

டீக்கடைப் பக்கோடாவின் எண்ணெய் மணம் வேண்டும் என்பவர்கள் வாணலியையே நாடலாம். அது இதில் வராது. மொறுமொறுப்பு வரும், தண்ணீரைத் தொடாமல் இருந்தால்.

பெரிய வெங்காயம் 3 (ஏறக்குறைய 300 கிராம்) எடுத்து நீளவாக்கில் மெல்லியதாக நறுக்கி, முக்கால் டீஸ்பூன் உப்புப் போட்டு, இதழ்கள் பிரியும்படி அழுத்திப் பிசறுங்கள். 10 நிமிடத்தில் பாத்திரத்தின் அடியில் நீர் விட்டிருக்கும். மாவைப் பிசைய அதுவே போதும். என் மாமியார் பழக்க தோஷத்தில் தண்ணீர் தெளிக்க வருவார். கையைப் பிடித்துத் தடுத்துவிடுவேன். கொதிக்கும் எண்ணெய் தளர்ந்த மாவையும் நொடியில் இறுக்கிவிடும். சூடான காற்றால் அது முடியாது. மாவு கூடைத் துளைகளில் ஒழுகி அடியில் அப்பிக்கொள்ளும்.

அரை கப் கடலை மாவு, 2 டேபிள்ஸ்பூன் அரிசி மாவு, மிளகாய்த்தூள், சோம்பு, கறிவேப்பிலை, 2 டேபிள்ஸ்பூன் எண்ணெய் சேர்த்துப் பிசறுங்கள். எண்ணெயில் கஞ்சத்தனம் காட்டினால் மாவு பச்சைப் பொடியாகவே நிற்கும். கறிவேப்பிலையை வெங்காயத்துக்குள் அமுக்கி வையுங்கள், இல்லாவிட்டால் மின்விசிறிக் காற்றில் பறந்து கருகும்.

180 டிகிரியில் சூடாக்கிய கூடையில், உருட்டாமல் உதிரியாக, இடைவெளி விட்டுப் போடுங்கள். 8 நிமிடத்தில் திருப்பி, மேலும் 5 நிமிடம். ஓரங்கள் செம்பழுப்பாகச் சுருண்டு, குலுக்கினால் கலகலவென்று ஒலிக்க வேண்டும். ஒலிக்காவிட்டால் 200 டிகிரியில் இன்னும் 2 நிமிடம். எடுத்ததும் மூடி வைக்காதீர்கள், ஆவியில் நமத்துப்போகும்.