பின்மார்க்குக்கு வரும் தொய்வு (அஸ்ட்மா) உள்ளவருக்கு: குளிர், புகை, நண்டு ஆலை

நோர்வேயின் வடகோடியான பின்மார்க், சாமி (Sámi) என்ற பழங்குடி மக்களின் சொந்த நிலம். மீன் ஆலை வேலைக்காக 1980களிலிருந்து ஈழத்தமிழர் வந்து குடியேறிய இடமும் இதுதான். (இங்கே ‘சாமி’ என்றே சொல்லுங்கள். ‘லாப்’ என்ற பழைய சொல் அவர்களைப் புண்படுத்தும்.)

சாமி மக்களிடையே தொய்வைக் கிளப்புபவை எவை என்று பார்த்தால், குடும்பத்தில் உள்ள ஒவ்வாமையோடு அன்றாட வாழ்க்கையும் சேர்ந்தே வரும்: கலைமான் மந்தையோடு மணிக்கணக்காகக் குளிரில் நிற்பது, பனிஸ்கூட்டர் புகை, ‘லாவ்வு’ கூடாரத்துக்குள் எரியும் விறகு, சிகரெட். கலைமானைத் தவிர மற்றதெல்லாம் உங்கள் வாசலுக்கும் வரும்.

முதலில் குளிர். பின்மார்க்கின் கராஷோக்கில் 1886 ஜனவரி 1இல் பதிவான −51.4 பாகை இன்றுவரை நோர்வேயின் மிகக் குறைந்த வெப்பநிலை. −20 பாகையில் ஒரு கனமீற்றர் காற்றில் ஏறக்குறைய 1 கிராம் நீராவிதான் இருக்கும். நுரையீரலுக்கு 44 கிராம் வேண்டும். மிச்சத்தை மூச்சுக்குழாய்ச் சுவர் கொடுக்கிறது. சுவர் வறண்டால் குழாய் சுருங்கும். பஸ்ஸைப் பிடிக்க ஓடினால் வாயால் மூச்சு வாங்குவீர்கள். அங்கேதான் இழுப்பு தொடங்கும். ஆகவே மூக்கால் மூச்செடுங்கள், மூக்கையும் வாயையும் சால்வையால் மூடுங்கள். அரை மணியில் சால்வை நனைந்து உறையும். பையில் இன்னொன்று இருக்கட்டும். வைத்தியர் சொல்லியிருந்தால், பனி தள்ளப் போவதற்கு 10–15 நிமிடம் முன்பே நீல பம்ப்பை (இழுப்பை உடனே தணிப்பது) எடுங்கள். பம்ப் குளிர்ந்தால் மருந்து சரியாகச் சீறாது; ஜக்கெட்டின் வெளிப்பையில் வைக்காமல் சேட்டுப் பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள். காரில் விட்டுவிட்டு வராதீர்கள்.

வீட்டுக்குள் புகைதான் எதிரி. குளிருக்குப் பயந்து சுவரிலுள்ள காற்றுத்துளையை அடைத்துவிட்டு, மிளகாய் தாளித்து, நனைந்த உடுப்பையும் உள்ளே காயப்போட்டால், புகையும் ஈரமும் சேர்ந்து ஜன்னலோரத்தில் பூஞ்சணம் கட்டும். துளையைத் திறந்தே விடுங்கள். சட்டி சூடேறும் முன்பே குசினி விசிறியைப் போடுங்கள். விறகடுப்பு இருந்தால், நன்றாகக் காய்ந்த பேர்ச் (birch) மர விறகை மட்டும் எரியுங்கள். சுள்ளியை மேலே வைத்து மேலிருந்து பற்றவைத்தால் புகை குறையும். 1998க்கு முந்திய அடுப்பு அதிகம் புகைக்கும். மாற்றச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

நண்டு ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். நண்டை அவிக்கும்போதும், உடைக்கும்போதும், உயரழுத்தத் தண்ணீரால் கழுவும்போதும் அதன் புரதம் ஆவியோடும் துளியோடும் காற்றில் கலக்கிறது. அதை மாதக்கணக்கில் சுவாசித்தால், முன்பு தொய்வே இல்லாதவருக்கும் வரலாம். மூக்கு ஒழுகுவது, கண் கடிப்பது, பிறகு இரவு இருமல். சனி, ஞாயிறில் குறைந்து திங்கள் திரும்புகிறதா? அதை எழுதி வையுங்கள். பீக் ஃப்ளோ கருவியை (எவ்வளவு வேகமாக மூச்சை ஊத முடிகிறது என்று அளப்பது) நாளுக்கு நான்கு தரம், வேலைநாளும் ஓய்வுநாளுமாகச் சில கிழமைகள் ஊதிக் குறித்துக்கொண்டு குடும்ப வைத்தியரிடம் (‘பாஸ்ட்லேகே’) காட்டுங்கள். வேலையால் வந்த நோய் என்று சந்தேகித்தால் அதை அரசின் தொழில் கண்காணிப்பு அமைப்புக்கு (Arbeidstilsynet) அறிவிப்பது வைத்தியரின் கடமை. ‘தடிமன்தான்’ என்று பொறுத்துக்கொண்டு அங்கேயே நின்றால் நோய் நிலைத்துவிடும்.

வைத்தியரிடம் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். நீங்கள் காசு கட்டத் தேவையில்லை. பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். 16 வயதுக்குட்பட்டோருக்கு வைத்தியர் கட்டணம் கிடையாது. தினசரி எடுக்கும் தடுப்பு பம்ப்பை, இழுப்பு இல்லாத நாளிலும் விடாதீர்கள். எடுத்தபின் வாய் கொப்பளியுங்கள்.

மருத்துவமனைகள் ஹம்மர்ஃபெஸ்டிலும் கிர்கெனெஸிலும். பனிப்புயலில் வீதி மூடும். அதனால் பம்ப்பில் மிச்ச அழுத்தங்களைக் காட்டும் எண்காட்டி 20க்கு வரும்போதே அடுத்த பம்ப்பை வாங்குங்கள். இழுப்பு வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்து, நீல பம்ப்பை ஸ்பேசரில் (பம்ப்பில் பொருத்தி மூச்செடுக்கும் குழாய்) ஒருமுறை அழுத்தி 4–6 தரம் மூச்செடுத்து, பிறகு அடுத்த அழுத்தம். ஒரு வசனத்தை முடிக்க முடியவில்லை, உதடு நீலமாகிறது, பம்ப் கேட்கவில்லை என்றால் உடனே 113. அவ்வளவு அவசரமில்லை, ஆனால் விடியும்வரை காத்திருக்கவும் முடியாது என்றால் 116117. 113இல் சொல்ல வேண்டியது: “அஸ்ட்மா. யாய் ஃபோர் இக்கெ பூஸ்தெ” – எனக்கு மூச்சு விட முடியவில்லை. அடுத்து விலாசம். ஃபோனை வைக்க வேண்டாம்.