பிடிஎஃப் அட்டவணையில் நீண்ட உரையை மடித்து அமைப்பது எப்படி?

பைத்தானில் ரிப்போர்ட்லேப் நூலகத்தைக் கொண்டு அறிக்கை தயாரிக்கும்போது, 'விவரம்' நெடுவரிசையில் உள்ள நீண்ட வாக்கியம் கட்டத்தைத் தாண்டிப் பக்கத்துத் தொகையின் மேலேறி அச்சாவது வழக்கமான சிக்கல். கட்டத்துக்குள் வெறும் சரமாக (string) தரப்படும் உரையை அந்நூலகம் தானாக மடிப்பதில்லை. புதுவரிக் குறி இருக்கும் இடத்தில் மட்டுமே வரியை முறிக்கும். இத்தனை எழுத்துக்கு ஒன்று என எண்ணி அக்குறியைச் செருகுவது வீண் வேலை; 'ர'வும் 'ணை'யும் ஒரே அகலத்தில் அமைவதில்லை.

மடிக்க வேண்டிய உரையைப் பாரகிராஃப் (பத்தி) என்னும் பொருளாக மாற்றிக் கட்டத்துக்குள் வைத்து, அட்டவணையின் கால்விட்த்ஸ் (colWidths) அளவுருவில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அகலத்தைத் தெளிவாகக் குறிப்பிடுவதே சரியான வழி. வரிசை உயரத்தைக் குறிப்பிடாமல் விட்டால், உரைக்கேற்ப அது தானே கூடும்.

அகலக் கணக்கில் சற்றுக் கவனம் தேவை. ஏ4 தாளின் அகலம் சுமார் 595 புள்ளிகள் (ஒரு அங்குலத்துக்கு 72 புள்ளிகள்). எளிய ஆவண வார்ப்புருவின் இயல்பான ஓரம் இடமும் வலமும் தலா 72 புள்ளிகள், உரை அமையும் சட்டகத்தின் உள் இடைவெளி இருபுறமும் தலா 6. ஆக, எஞ்சுவது 439 மட்டுமே. அதை வரிசை எண்ணுக்கு 35, தேதிக்கு 70, விவரத்துக்கு 254, தொகைக்கு 80 எனப் பிரிக்கலாம். கட்டத்தின் இடமும் வலமும் 6 புள்ளிகள் கழிவதால், விவரத்துக்கு உண்மையில் கிடைப்பது 242.

அட்டவணைப் பாணியில் தரும் எழுத்துரு, நிறம் போன்றவை பாரகிராஃபைக் கட்டுப்படுத்தாது. தலைப்பு வரிசைக்கு வெள்ளை நிறம் கொடுத்தும் எழுத்து கறுப்பாகவே வருவது இதனால்தான். அவற்றைப் பத்திப் பாணியிலேயே தர வேண்டும். எழுத்தின் அளவை மாற்றினால் வரி இடைவெளியான லீடிங்கையும் மாற்றுக. தமிழுக்கு 9 புள்ளி எழுத்தெனில் 13 பொருத்தமாக இருக்கும். கட்டங்களின் செங்குத்துச் சீரமைப்பு இயல்பாகக் கீழ்நோக்கியே அமைவதால், அதை மேல்நோக்கி மாற்றாவிட்டால் தேதி கீழே தொங்கும். தொகை நெடுவரிசையைச் சரமாகவே விட்டு வலப்புறம் ஒதுக்குவது போதும். ஆயிரக்கணக்கான வரிசைகளில் எல்லாவற்றையும் பாரகிராஃபாக்கினால் வேகம்தான் குறையும்.

பாரகிராஃப் தன் உரையைக் குறிமொழியாகப் படிப்பதால், தரவில் வரும் & மற்றும் < குறிகளை முன்பே & மற்றும் < என மாற்றி எழுத வேண்டும். உரையில் உள்ள புதுவரிக் குறிகள் வெறும் இடைவெளியாகிவிடும். அவை தேவையெனில் வரிமுறிவுக் குறிச்சொல்லாக (<br/>) மாற்றுக.

சீன, ஜப்பானிய, கொரிய மொழிகளுக்கான சிஜேகே (CJK) மடிப்பு முறையைத் தமிழுக்குப் பயன்படுத்தவே கூடாது. அது எந்த இரு எழுத்துக்குறிகளுக்கு இடையிலும் முறிப்பதால், புள்ளியோ துணைக்காலோ அடுத்த வரியின் தொடக்கத்தில் தனித்து நிற்க நேரும். குறுகிய நெடுவரிசையில் அடங்காத நீண்ட சொல்லை இயல்பு முறையும் இப்படியே வெட்டும் என்பதால், தரவில் உள்ள மிக நீளமான சொல்லாவது முழுதாக அடங்கும் அகலத்தை விவர நெடுவரிசைக்கு ஒதுக்குக.