ஃப்ரீசருக்குள் டபுள் டேப் ஒட்டுவதற்கு முன்

சிங்கப்பூர் ஜூரோங்கில் உறைந்த மீன், இறைச்சி வைக்கும் கிடங்கு ஒன்றில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். ஃப்ரீசர் மைனஸ் 22 டிகிரியில் ஓடும். ராக் எண் பலகை, கதவோர எச்சரிக்கைப் பலகை என்று எதை மாட்டுவதாக இருந்தாலும் எங்கள் ஆட்கள்தான் செய்ய வேண்டும். சுவரில் துளை போட முடியாது. சுவர்த் தகட்டுக்குப் பின்னால் குளிரைக் காக்கும் பாலியூரித்தேன் நுரை இருக்கிறது. துளை வழியாக ஈரக்காற்று நுழைந்தால் நாளடைவில் உள்ளேயே பனிக்கட்டி கட்டிவிடும். அதனால்தான் டபுள் டேப், அதாவது இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஃப்ரீசருக்குள் நின்றே பன்னிரண்டு பலகை ஒட்டினேன். மறுநாள் காலை ஒன்பது பலகை தரையில் கிடந்தது. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். டேப் பலகையோடு அப்படியே இருந்தது, சுவர்ப் பக்கம் பசையின் தடமே இல்லை. கட்டைவிரலால் அழுத்தினால் மெழுகு போல விறைத்திருந்தது. மூன்று மீட்டர் உயரத்தில் இருந்த பலகைகள் அவை. கீழே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தம்பிகள் போய்வருகிறார்கள். அன்றிலிருந்து இந்த விஷயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

டேப்பில் இருக்கும் பசை இளகி, ஒட்டும் பரப்பின் நுண்ணிய மேடு பள்ளங்களில் பரவினால்தான் பிடிக்கும். குளிரில் தேங்காய் எண்ணெய் உறைவது போல அதுவும் விறைத்துவிட்டால் மேலே சும்மா உட்கார்ந்திருக்கும். ஆகவே வாங்கும்போது இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று, எத்தனை டிகிரி வரை தாங்கும் என்பது. இன்னொன்று, குறைந்தது எத்தனை டிகிரியில் ஒட்டலாம் என்பது. கடையில் "மைனஸ் 40 வரை தாங்கும் அண்ணே" என்று காட்டுவார்கள். உண்மைதான், ஆனால் அது முதல் எண். அதே டேப்பை ஒட்டுவதற்குப் பெரும்பாலும் 10 அல்லது 15 டிகிரியாவது வேண்டும். டேட்டா ஷீட்டை, அதாவது டேப் தயாரித்தவர்கள் தரும் விவரத்தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிடுங்கள். ஜாலான் புசார் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் கேட்டால் போனிலேயே எடுத்துக் காட்டுவார்கள்.

பசையில் ரப்பர் வகை சட்டென்று பிடிக்கும், விலையும் குறைவு. ஆனால் சாதாரண ரப்பர் டேப் கடுங்குளிரில் விறைத்து விட்டுவிடும். சிலிகான் குளிரிலும் இளக்கமாக இருக்கும், விலைதான் அதிகம். எங்கள் வேலைக்கு அக்ரிலிக் ஃபோம் டேப், அதாவது நுரை போல மெத்தென்று தடிமனாக இருக்கும் டேப் போதும். சில்லர் போல 2, 3 டிகிரி உள்ள இடத்தில் ஒட்டியே ஆகவேண்டும் என்றால், 0 டிகிரி வரை ஒட்டக்கூடிய வகை இருக்கிறது. த்ரீ எம் நிறுவனத்தின் விஹெச்பி 4951 அப்படிப்பட்டது. மைனஸ் 22-இல் நின்று எடையுள்ள எதையும் நான் ஒட்டுவதில்லை. வெளியே ஒரு மடித்த தகட்டில் பலகையை ஒட்டி, பசை நன்றாகப் பிடித்தபின் உள்ளே கொண்டுபோய் ராக்கில் கொக்கி போல மாட்டுகிறோம். சுவரில் ஒட்ட வேண்டியதை, ஃப்ரீசரை அணைத்துச் சுத்தம் செய்யும் நாள்வரை தள்ளிப்போடுவோம்.

தடிமனையும் பாருங்கள். ஒரு மீட்டர் அக்ரிலிக் பலகை 30 டிகிரியிலிருந்து மைனஸ் 22-க்குப் போனால் ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர் சுருங்கும். இரும்புத் தகடு அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான். இரண்டுக்கும் நடுவில் இழுபடப்போவது டேப். காகிதம் போன்ற மெல்லிய டேப்பில் அந்த இழுப்புக்கு இடமில்லை, 1.1 மில்லிமீட்டர் ஃபோம் வளைந்து கொடுக்கும். எடைக்கு நான் வைத்திருக்கும் கணக்கு, ஒரு கிலோவுக்கு 55 சதுர சென்டிமீட்டர் டேப். அப்புறம், பாலித்தீன், பாலிப்ரொப்பிலீன் பெட்டிகளில் சாதாரண அக்ரிலிக் பசை பிடிக்காது. அதற்கென்று தனி டேப் கேளுங்கள்.

நம் ஊரில் குளிரைவிடப் பெரிய எதிரி ஈரம். உள்ளே இருந்த தகட்டைச் சரக்கு ஏற்றி இறக்கும் இடத்துக்கு (லோடிங் பே) கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். அரை நிமிடத்தில் மங்கும், பிறகு முத்து முத்தாக வியர்த்து ஒழுகும். சிங்கப்பூர்க் காற்றில் 24 டிகிரிக்குக் குளிர்ந்த பரப்பிலேயே நீர் படியத் தொடங்கிவிடும். துடைத்தாலும் மறுபடி படியும். அதனால் ஒட்டவேண்டிய பொருளை முந்தின நாள் இரவே வெளியே எடுத்து வைத்துவிடுவேன். காலையில் தொட்டால் சில்லென்று இருக்கக்கூடாது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்து, முழுதும் உலரவிட்டு ஒட்டுங்கள். கையால் தடவினால் போதாது, சின்ன ரோலரை அழுத்தி உருட்டுங்கள். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அளவு அழுத்தம் வேண்டும்.

சரி, ஒட்டியாயிற்று என்று உடனே உள்ளே தூக்கிப் போகாதீர்கள். அறை வெப்பநிலையில் 20 நிமிடத்தில் பாதிப் பிடிப்புதான் வரும். ஒரு நாளில் 90 சதவீதம், 72 மணி நேரத்தில் முழுதும். வெள்ளிக்கிழமை மாலை ஒட்டி, திங்கள் மாலை உள்ளே அனுப்புவது என் வழக்கம். அவசரம் என்று சூப்பர்வைசர் நின்றாலும் 24 மணி நேரத்துக்குக் குறைய விடமாட்டேன்.

புது டேப் வந்தால் இரண்டு தகட்டுத் துண்டுகளை இதே முறையில் ஒட்டி, இரண்டு நாள் ஃப்ரீசரில் போட்டுவிட்டு அங்கேயே நின்று பிரித்துப் பாருங்கள். ஃபோம் நடுவில் கிழிந்து இரண்டு பக்கமும் ஒட்டியிருந்தால் அந்த ரோலை வைத்துக்கொள்ளலாம். 'டக்'கென்று சுத்தமாகக் கழன்றால், அதை அலுவலக நோட்டீஸ் போர்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.