பங்கு வாங்க நல்ல வாரம் பார்க்கிறவர்களுக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் ஒரு தம்பி போனை நீட்டினான். "அண்ணா, ரெண்டு வாரமா மார்க்கெட் சிவப்பு. மூணாவது வாரமும் இறங்கட்டும், அப்புறம் வாங்கிக்கிறேன்." என் பழைய டைரியை யாரோ சத்தமாகப் படித்த மாதிரி இருந்தது. கடன் வாங்கிப் போடாதே, டிப்ஸ் கேட்காதே என்பதெல்லாம் எல்லாரும் சொல்லியாயிற்று. அவற்றை விட்டுவிடுகிறேன். வேறு சில தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிகிறது. 2020 பிப்ரவரியில் சீட்டு எடுத்த பணம் இரண்டு லட்சம் கையில் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் நிஃப்டி (50 பெரிய கம்பெனிகளின் பங்கு விலைக் குறியீடு) முடிந்த புள்ளியை டைரியில் குறிப்பேன். இறங்கினால் சிவப்பு மை, ஏறினால் நீலம். மூன்று சிவப்பு சேர்ந்து வந்தால் வாங்க வேண்டும் என்று நானே போட்ட சட்டம்.

மார்ச் 6-ல் மூன்றாவது சிவப்பு வந்தது. நிஃப்டி 11,000-க்குச் சற்றுக் கீழே. வாங்கினேனா? நாலாவதையும் பார்த்துவிடலாம் என்றேன். மார்ச் 23 காலையில் 10 சதவீதம் விழுந்து வர்த்தகத்தையே 45 நிமிடம் நிறுத்தினார்கள். அன்று 7,610-ல் முடிந்தது. சரி, 7,000 வரட்டும் என்றேன். அது வரவே இல்லை. ஏப்ரல் 7-ல் ஒரே நாளில் 700 புள்ளிக்கு மேல் ஏறியது. எகிறினது இறங்காமலா போகும் என்று நோட்டை மூடி வைத்தேன். கடைசியில் நவம்பரில், 13,000 தாண்டிய பிறகு, பொறுக்க மாட்டாமல் வாங்கினேன். என் அரைகுறைச் சட்டப்படி மார்ச் 6-ல் வாங்கியிருந்தால்கூட இதைவிட மலிவு!

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தப் புத்தி மீனிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். முதுநகரில் காலையில் ஏலம் எடுத்த சங்கராவை வெயில் ஏறினால் குறைத்துக் கொடுத்துவிடுவார்கள், வைத்திருந்தால் கெட்டுப்போகும். ஏப்ரல் 15-ல் தொடங்கும் 61 நாள் தடைக்காலத்தில் விலை ஏறும் என்பதும் தெரியும். மீனுக்குக் காலண்டர் இருக்கிறது. பங்கை விற்கிறவனுக்கு ஐஸ் கரையும் அவசரம் இல்லை.

வாரக் கணக்கை நம்புவது

2024 ஜூன் 4, தேர்தல் முடிவு வந்த செவ்வாய். நிஃப்டி கிட்டத்தட்ட 6 சதவீதம் விழுந்தது. அதே வெள்ளிக்கிழமை அதுவரை இல்லாத உயரத்தில் முடிந்தது. வாரக் கணக்கில் பார்த்தால் 3 சதவீதத்துக்கு மேல் ஏற்றம். அந்தச் செவ்வாயன்று பதறி விற்றவர்கள் அந்தக் கணக்கில் தெரிய மாட்டார்கள்.

வெள்ளியன்று விற்று, திங்களன்று வாங்குவது

இதையும் செய்திருக்கிறேன். வாங்கினாலும் விற்றாலும் 0.1 சதவீதம் எஸ்டிடி என்ற பங்கு வர்த்தக வரி போகும். விற்கும் நாளில் ஒவ்வொரு கம்பெனிப் பங்குக்கும், டீமேட் கணக்கிலிருந்து எடுப்பதற்கான டிபி கட்டணம். ஓராண்டுக்குள் விற்ற லாபத்துக்கு 20 சதவீதம் வரி. 2024 ஜூலை 23-க்கு முன்பு 15 ஆக இருந்தது. ஆறு மாதம் ஆடிப் பார்த்ததில் எனக்கு மிஞ்சியது புரோக்கர் அனுப்பும் கான்ட்ராக்ட் நோட்டு என்ற பில்கள்தான்.

எக்ஸ்பைரி கிழமை

நிஃப்டியின் வார எக்ஸ்பைரி, அதாவது வார ஆப்ஷன் ஒப்பந்தங்கள் முடியும் நாள், 2025 செப்டம்பரில் வியாழனிலிருந்து செவ்வாய்க்கு மாறியது. வியாழனுக்கு ராசி பார்த்தவர்கள் இப்போது செவ்வாய்க்குப் பார்க்கிறார்கள்.

ஒரே பங்கைச் சராசரி செய்வது

விலை இறங்க இறங்க அதையே மேலும் வாங்கிச் சராசரி விலையைக் குறைப்பார்கள். தனிப் பங்கு திரும்பி ஏறாமலே போகலாம்.

தம்பியிடம் சொன்னது

பணத்தை ஆறாகப் பிரி, மாதம் 5-ஆம் தேதி அதில் ஒரு பாகத்தை நிஃப்டியை அப்படியே பின்பற்றும் ஃபண்டில் போடு, அன்று சிவப்பா பச்சையா என்று பார்க்காதே என்றேன். தலையை ஆட்டினான். டீக்குக் காசு கொடுத்துவிட்டு வரும்போது காலண்டரைத் திறந்து வைத்திருந்தான்.

"5-ஆம் தேதி வெள்ளிக்கிழமைண்ணா. திங்கள் வரைக்கும் பாத்துடலாமா?"