இங்கிலாந்தில் இரட்டைக் கர்ப்பம்: முதல் ஸ்கேனிலேயே கேட்க வேண்டியது

வயிற்றில் இரண்டு என்று தெரிந்ததும் வீட்டில் கேட்பது ஆணா பெண்ணா என்று. மருத்துவர்கள் பார்ப்பதோ நஞ்சுக்கொடி ஒன்றா, இரண்டா என்பதை. பிரசவம் வரை உங்கள் கவனிப்பு முழுக்க அதைப் பொறுத்துத்தான் அமையும்.

இதைத் தெளிவாகக் கண்டுபிடிக்க ஏற்ற காலம் 11 முதல் 14 வாரம். ஆகவே இங்கிலாந்து வந்து இறங்கியதும் ஜிபி (குடும்ப மருத்துவர்) பதிவு முடியட்டும் என்று நாளைக் கடத்தாதீர்கள். பெரும்பாலான என்எச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) மருத்துவமனைகளின் மகப்பேறு பிரிவுக்கு நீங்களே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். ஊரில் ஸ்கேன் எடுத்திருந்தால் அறிக்கையோடு படங்களையும் கொண்டுவாருங்கள். வகை தெரியாவிட்டால் ஒரே நஞ்சுக்கொடி என்று வைத்துக்கொண்டே கவனிப்பார்கள், அதுதான் பாதுகாப்பு.

அறிக்கையில் டிசிடிஏ (DCDA) என்றிருந்தால் நஞ்சுக்கொடி தனித்தனி. சிக்கல் இல்லையென்றால் 20 வாரத்திலிருந்து 4 வாரத்துக்கு ஒரு ஸ்கேன், 37 வாரத்தில் பிரசவம். எம்சிடிஏ (MCDA) என்றால் பனிக்குடம் இரண்டு, நஞ்சுக்கொடி ஒன்றே. 16 வாரத்திலிருந்து 2 வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன், 36 வாரத்தில் பிரசவம். இவ்வளவு நெருக்கமாகப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. நஞ்சுக்கொடியில் இருவரின் ரத்தக்குழாய்களும் இணைந்திருப்பதால் 100 பேரில் 10 முதல் 15 பேருக்கு ஒரு குழந்தையின் ரத்தம் மற்றதற்குப் போய்விடும். கொடுப்பதன் பனிநீர் வற்றும். வாங்குவதற்குப் பனிநீர் பெருகி இதயம் திணறும். நேரத்தோடு தெரிந்தால் லேசரால் அந்த இணைப்புகளை அடைக்கலாம். ஊருக்குப் போய்வருவதற்காக ஒரு ஸ்கேனைக்கூடத் தள்ளிப்போடாதீர்கள். (32 வாரத்துக்குப் பின் பல விமான நிறுவனங்கள் ஏற்றவே மாட்டா.)

முதல் பிரசவம், வயது 40 அல்லது அதற்கு மேல், பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 35 அல்லது அதற்கு மேல், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ கர்ப்பகால ரத்தக்கொதிப்பு நோய் (ப்ரீ-எக்லாம்ப்சியா) வந்திருப்பது: இதில் ஒன்று இருந்தாலும் 12 வாரத்திலிருந்து தினமும் 75 முதல் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் தருவார்கள். மிட்வைஃப் (மகப்பேறு செவிலி) பேச்செடுக்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். இங்கிலாந்தில் மருந்துச்சீட்டு மருந்துகள் இலவசமாகக் கிடைக்க மகப்பேறு விலக்குச் சான்றிதழ் வேண்டும், அதற்கும் மிட்வைஃபே விண்ணப்பிப்பார். தமிழ் மொழிபெயர்ப்பாளரும் இலவசம். கணவரை மொழிபெயர்க்க விடாதீர்கள், சில கேள்விகள் உங்களிடம் தனியாகக் கேட்க வேண்டியவை.

வயிறு திடீரென உப்பி மூச்சு வாங்குவது, தீராத தலைவலி, கண்ணில் மின்னல், விலாவுக்குக் கீழே வலி, நீர்க்கசிவு, ரத்தம், அசைவு குறைவு, உள்ளங்கை உள்ளங்காலில் அரிப்பு: எதுவானாலும் மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள். அரிப்பைப் பலரும் தேங்காயெண்ணெய் தடவிச் சமாளிக்கிறார்கள். அது ஈரல் கோளாறாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை வேண்டும். இரவானாலும் மகப்பேறு பிரிவின் அவசர எண்ணை அழைத்து, எத்தனை வாரம், இரட்டை, டிசிடிஏவா எம்சிடிஏவா என்பதை முதலில் சொல்லுங்கள்.