காட்டுக்குள்ள மெதுவா நடக்குறது எப்படி (நான் சொதப்புனதையும் சேர்த்து)

ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்து ஆபீஸ் மெயிலையே நினைச்சு உருண்டுட்டு கெடப்பேன், அதுக்காகத்தான் சனிக்கிழமை காலைல இங்க சிங்கப்பூர்ல இருக்குற மெக்ரிட்சி காட்டுக்குப் போக ஆரம்பிச்சேன். ஜப்பான்ல இதுக்கு ஷின்ரின்-யோகு, வனக்குளியல்னு பேரு, 1982ல அவங்க வனத்துறையே வச்சது.

ஸ்டெப் 1: மேரிமவுண்ட் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) ஸ்டேஷன்ல எறங்கி ஏழு மணிக்குள்ள உள்ள போயிருங்க. ட்ரீடாப் வாக் வேணாம், 250 மீட்டர் தொங்குபாலம், செல்ஃபி கூட்டம்தான். தண்ணி ஓரமா போற பலகைப் பாதை போதும்.

ஸ்டெப் 2: வாட்ச்ச கழட்டிருங்க. இங்கதான் நான் கவுந்தேன். நாலு வாரம் 10,000 ஸ்டெப்னு வெறித்தனமா நடந்தேன், வேர்த்துச்சே தவிர மண்டைக்குள்ள அதே மெயில்தான் ஓடுச்சு. அஞ்சாவது வாரம் செருப்பு வார் அறுந்து போச்சு, கால இழுத்து இழுத்து வர்றேன், பலகைக்குக் கீழ ஒரு உடும்பு, நாக்க நீட்டி நீட்டி எலையத் தொட்டுப் பாத்துட்டு இருக்கு. எவ்ளோ நேரம் நின்னேன்னே தெரியல, அன்னிக்கு ராத்திரி நல்ல தூக்கம். அந்த நொண்டி நடை வேகம்தான் வேணும். மூச்ச இழுக்க ரெண்டு அடி, விட மூணு அடி, பின்னாடி வர்றவங்களுக்கு ஓரமா வழி விட்ருங்க.

ஸ்டெப் 3: கிட்ட கேக்குற சத்தம் எது, தூரத்துல கேக்குறது எதுன்னு மட்டும் கவனிங்க. மனசு ஓடும், ஓடட்டும், பாதம் பலகைல படுற எடத்துக்குத் திரும்பி வாங்க. இயர்போன் கூடவே கூடாது, தியான ஆப்பும் எனக்குப் புடிக்கல, காட்டுல எதுக்குங்க இன்னொருத்தர் குரல்?

எவ்ளோ நேரம்? ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டில 2015ல 90 நிமிஷம் இயற்கைக்கு நடுவுல நடக்க விட்டுப் பாத்தாங்க, ஒரே கவலைய அரைச்சுட்டு இருக்குறது கொறஞ்சுதாம், ரோட்டோரம் நடந்தவங்களுக்கு அப்படிக் கொறையல. அவ்ளோ முடியலன்னா இருபது நிமிஷத்துல ஆரம்பிங்க.

அப்டேட்: கமெண்ட்ல ஒரு அக்கா குரங்கு பைய புடுங்கிடுச்சுன்னு போட்டிருந்தாங்க, சொல்ல மறந்துட்டேன், மன்னிச்சிருங்க. பிளாஸ்டிக் பை சரசரன்னாலே சாப்பாடுன்னு வந்துரும், ஜிப் வச்ச முதுகுப்பை எடுத்துட்டுப் போங்க. பாவம்னு பிஸ்கட் கிஸ்கட் குடுத்துறாதீங்க, முதல் தடவைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைக்கும் அபராதம் போடலாம்.